எனுன்காவும் சத்திகுன்காவும்

"அம்மணி, நான் போலீசுக்குப் போகட்டுமா, இல்ல நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிர்றயா? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு கண்ணு."

வெங்கடபதி எப்போதும் இப்படித்தான். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'கண்ணு' போட்டுத்தான் அறுப்பார்.

அவர் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர் சித்திகா. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக போத்தனூரிலிருந்து ரெண்டு பஸ் மாறி, சரவணம்பட்டியில் இருக்கும் முதலாளி வீட்டு ஹாலில் வந்து நின்றிருந்தாள். காப்பி கொடுத்தார்கள். உட்காரத்தான் சொல்லவில்லை.

"நான் என்னங்க சார் பண்ணுனேன்?"

"என்ன பண்ணுனயா? இதைப் பாரு."

ஒரு கத்தை பிரிண்ட் அவுட்டை மேஜைமேல் போட்டார்.

விஷயம் இதுதான். தொண்ணூற்றொன்பதில் கோயமுத்தூரே ஈமெயில் ஐடி வாங்கிப் பீற்றிக்கொண்டிருந்தபோது, வெங்கடபதி ஒரு படி மேலே போய் வீட்டுக் கம்ப்யூட்டரை வெப் சர்வர் ஆக்கிவிட்டார். சோதனைக்குத்தான். ஒரு நம்பரை அடித்தால் போதும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அவருடைய பக்கத்தைப் பார்க்கலாம். பக்கத்தில் இருந்தது அவர் போட்டோ மட்டும். கோட்டு போட்ட போட்டோ.

அதைப் பார்க்க உலகம் வரவில்லை. ஆனால் யாரோ ஒரு ஆள் வந்திருக்கிறான். வெளியிலிருந்து யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று சர்வர் தானாகவே ஒரு பதிவேடு எழுதும். பத்து நாளாக, காலை பதினோரு மணிக்கு, இல்லாத ஒரு பக்கத்தை, இங்கிலீஷ் எழுத்தில் நீளமாக என்னவோ பேர் அடித்து, யாரோ விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதாக அதில் பதிவாகியிருந்தது.

"பேரைப் பாத்தியா? எனுன்கா! கடைசில இன்னொருத்தன், சத்திகுன்கா! ரெண்டும் ஜப்பான்காரன் பேரு. அண்ணந்தம்பியா இருக்கோணும். நடுவுல இருக்கறது என்னமோ ரகசியக் குறி."

"சார், அது வந்துங்க..."

"நடுவுல பேசாத. என்ர பக்கத்தைப் பாக்கற நம்பர் தெனமும் மாறுது, அதை நான் மெயில்ல அனுப்பறது உனக்கு மட்டும்தான். அது எப்படி ஜப்பானுக்குப் போச்சு? நீதான் சொல்லிப்போட்டே. போலீசுல உன் பேரைச் சொன்னேன்னு வெச்சுக்க, இந்த ஜில்லாவுல ஒரு சென்டர்லயும் உன்னைச் சேக்க மாட்டாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், எழுதிக் குடுத்துரு."

சித்திகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாப்பா படுத்த படுக்கை. வீட்டில் வேலைக்குப் போவது இவள் ஒருத்திதான்.

காப்பி டம்ளரை எடுக்க வந்த வெங்கடபதியின் மனைவி பொற்கொடி, அந்தத் தாளைக் கையில் எடுத்தாள்.

"வெச்சிரு பொற்கொடி. அது கம்ப்யூட்டர் பாஷை. உனக்குப் புரியாது."

பொற்கொடிக்குத் தந்தி ஆபீசில் வேலை. பதினெட்டு வருஷமாக, இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழில் எத்தனையோ சாவையும் கல்யாணத்தையும் படித்துத் தள்ளியவள். தாளைச் சற்றே தள்ளிப் பிடித்து, ஒரே மூச்சில் படித்தாள்.

"'ஏனுங்க, கதவு தெறந்து கெடக்குதுங்க, சாத்திக்குங்க.' இதுல ஜப்பான் எங்கீங்க வந்துது?"

அடக் கொடுமையே! பிறந்ததிலிருந்து காதில் விழுகிற வார்த்தையை அண்ணந்தம்பி இரண்டு பேராக்கி, ஜப்பானில் கொண்டுபோய்க் குடிவைத்திருக்கிறார் மனுஷன்.

"யாரு... நீயா?" என்றார் சித்திகாவைப் பார்த்து.

"நானுங்க சார். முதல் நாள் நேர்லயே சொன்னனுங்க. 'எனக்கே பாடம் நடத்தறயா'ன்னு சத்தம் போட்டீங்க. அந்தப் பதிவேட்டை மட்டும் வரி விடாமப் படிக்கறதாச் சொன்னீங்க. அதுல விழுகற மாதிரி கேட்டா படிப்பீங்கன்னு நெனச்சனுங்க."

"அதுக்காக என்ர கம்ப்யூட்டருக்குள்ள பூந்துபோடறதா?"

"உள்ள வரலீங்க சார். வாசல்ல நின்னு கூப்பிட்டனுங்க, அவ்வளவுதான். 'வருதான்னு பாரு'ன்னு முதல் நாள் நீங்கதான சொன்னீங்க? பாத்தா உங்க போட்டோ வரலீங்க. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற அத்தனை ஃபைலும் வரிசையா வந்து நின்னுதுங்க. யாரு வேணாலும் தெறந்து படிக்கலாமுங்க."

வெங்கடபதியின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "நீ... என்னென்ன படிச்சே?"

"ஒண்ணே ஒண்ணுதானுங்க சார். என் பேர் போட்டிருந்துது, அதனால தெறந்துட்டேன்."

"அப்படி என்ன கண்ணு இருந்துது அதுல?" என்றாள் பொற்கொடி.

சித்திகா ஒரு தடவை முதலாளியைப் பார்த்தாள். அவர் பிரிண்ட் அவுட்டை மும்முரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சாரோட அக்கா மகனைச் சேக்கறதுக்காக, எனக்குக் 'கம்ப்யூட்டர் அறிவு போதாது'ன்னு எழுதி, வேலையை விட்டு நிறுத்தற லெட்டருங்க அக்கா. ஊரு படிச்சா சாருக்குத்தான அசிங்கம்னு, அன்னைக்கிருந்து கதவைச் சாத்தச் சொல்லிட்டிருக்கறனுங்க."