பேய் வீட்டுச் சம்பந்தம்

“இன்னா ஆனாலும் நீ சமையக்கட்டை வுட்டு வெளிய வராதே. ஒன்னைக் கேட்டா, திருப்பாச்சூர் கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன்” என்றார் வீரராகவன்.

“பெத்த பொண்ணைப் பாக்க வராங்க. நான் ஒளிஞ்சிக்கினு கெடக்கணுமா?” அடுப்பைப் பற்றவைத்தபடி கேட்டாள் கனகாம்பாள்.

“போன ரெண்டு எடமும் ஒன் மூஞ்சியப் பாத்துட்டுத்தானே ஓடிச்சு?”

உண்மைதான். கல்யாணமான புதிதில், கதாநாயகிக்குத் தோழியாக நடிக்கும் ஆசையில் கோடம்பாக்கம் போனவள் கனகாம்பாள். அங்கே வெள்ளைப் புடவை கட்டி, தலையை விரித்துவிட்டு, புளியமரத்தில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த ஐந்து படத்திலும் அதே புடவை, அதே மரம். டென்ட் கொட்டகைகளில் எல்லாமே சக்கைப்போடு போட்டன.

அவள் நடிப்பை விட்டுப் பத்து வருஷமாகிறது. இன்னமும் பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டு காலியாகத்தான் வரும். அவர்கள் குடியிருந்த மணவாள நகரில் அடம்பிடிக்கிற குழந்தைகளுக்கு அவள் பேரைச் சொல்லித்தான் சோறு ஊட்டினார்கள். அதற்கெல்லாம் சிரித்தவள்தான், “பேய் பெத்த பொண்ணு எங்களுக்கு வாணாம்” என்று முதல் சம்பந்தக்காரர்கள் சொன்ன அன்றைக்கு அழுதாள்.

இது மூன்றாவது இடம். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில் ஃபேக்டரி வேலை. சொந்த ஊர் புதுவாயல். ‘அவங்கம்மா செல்லியம்மாளுக்கு சினிமான்னாலே ஆவாது. பேச்செடுத்தா எழுந்து போயிடுவாங்க’ என்று தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

வந்தார்கள். மகள் வசுமதி தலைகுனிந்து காபி கொடுத்தாள்.

“பொண்ணோட அம்மா எங்க?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா இராமலிங்கம்.

“திருப்பாச்சூர் கோயிலுக்கு... ஒரு வேண்டுதல்...”

“இன்னிக்கா?”

வீரராகவன் வேர்வையைத் துடைப்பதற்குள், “நான் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று செல்லியம்மாள் எழுந்து நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

உள்ளே ஒரே புகை. குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்த கனகாம்பாள் நிமிர்ந்தாள். குளித்த ஈரம் காயாத தலைமுடி விரிந்து கிடந்தது. முகமெல்லாம் அரிசி மாவு.

“வீ...ல்!”

ஓடு அதிர்ந்தது. வாசலில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. எல்லாரும் பதறி எழுந்து போனால் சமையலறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. குசுகுசுவென்று பேச்சு மட்டும் கேட்டது.

கதவு திறந்தது. செல்லியம்மாள், கனகாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“இன்னாம்மே ஆச்சு?” என்றார் இராமலிங்கம்.

“பல்லி. கோயிலுக்குப் போன சம்பந்தியம்மா கொல்லப்பக்கமா வந்துட்டாங்க. எனக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கு. தை மாசமே முடிச்சிடலாம்.”

“இவங்கள எங்கியோ பாத்த மாதிரியே...”

“நீங்க சும்மா இருங்க!”

தட்டு மாற்றிக்கொண்டு அவர்கள் பஸ் ஏறிய பிறகுதான் வீரராகவனுக்கு மூச்சு வந்தது.

“ஒன்னைப் பாத்து அந்தக் கத்து கத்துனவங்க, எப்டி ஒத்துக்கினாங்க?”

கனகாம்பாள் கூந்தலை முடிந்தபடி சிரித்தாள்.

“அந்தக் கத்தலைக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சி போச்சு. ஆறு படத்துலயும் நான் வாயை மட்டுந்தான் தொறந்தேன். மைக்கு முன்னாடி நின்னு எனக்காகக் கத்துனது யாருன்னு அவங்க ஊட்டுக்காரருக்கு இன்னும் தெரியாதாம்!”