தேனாகப் பேசினால் திறக்காது

மனிதகுலம் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்க வேண்டிய செய்தி: கடவுச்சொல் என்னும் அடிமைத்தளை அறுந்தது! உரிமையாளர் வீட்டில் அன்றாடம் பேசும் தொனியைக் கேட்டே இனிக் கணினி பூட்டைத் திறக்கும்.

ஏற்கெனவே மூன்று வரன்கள் தட்டிப்போன கவலை தணிகாசலத்துக்கு. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மகளின் ஜாதகக் கோப்பைத் திறக்க, "கொஞ்சம் திறம்மா, கண்ணு" என்று தேனாகக் குழைந்தார்.

"நீங்கள் அந்நியர். இன்னொரு முறை தவறினால் கோப்பு அழிக்கப்படும்" என்றது கணினி.

மனைவி வேதவல்லி அவர் காதருகே குனிந்தாள். "ஏங்க, எப்பவும் எங்கிட்ட பேசுற மாதிரி பேசுங்களேன்."

"வாயை மூடுடி, மூதேவி! உன்னை எவன் கேட்டான்?"

"வணக்கம், தணிகாசலம்" என்று கணினி ஜாதகத்தை விரித்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, எங்க வீட்லயும் இப்படித்தான் சார் திறக்கும்! பொருத்தம்னா இதான் பொருத்தம்."

மகள் செண்பகம் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.