டங்கனுக்குப் பிடித்த குரல்

1986, வியாழன் மாலை ஏழு மணி. ஹேசலின் சமையலறையில் நாங்கள் மூவரும் வானொலி முன் உட்கார்ந்திருந்தோம். இன்றும் எங்கள் முதல் இசைத்தட்டைப் போடாவிட்டால், டிரம்மர் டங்கன் குழுவைவிட்டு விலகிவிடுவான்.

கனத்த ஆண்குரலில் ஏதோ ஒரு பாட்டு மெல்ல ஊர்ந்து வந்தது.

“இதுதாண்டா பாட்டு!” என்றான் டங்கன். “நம்ம ஹேசலும் பாடுறாளே, வால் மிதிபட்ட பூனை மாதிரி!”

“பேசாம டீயைக் குடிடா,” என்றாள் ஹேசல்.

என்னுடையதைவிட அந்த கிட்டார் தேவலை என்று எனக்கும் பட்டது.

“நான் இவங்களோடயே போய்ச் சேர்ந்துக்கிறேன்,” என்றான் டங்கன்.

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் கனைத்தார். “மன்னிக்கணும். நாற்பத்தஞ்சு வேகத்துல சுத்த வேண்டிய தட்டை முப்பத்துமூணுல மெதுவா ஓட விட்டுட்டேன்; அதான் பொண்ணு குரல் ஆம்பளைக் குரலாயிடுச்சு. பாடினது கவென்ட்ரி நகரத்து ‘ஈரக் குடைகள்’ குழு.”

அது எங்கள் குழு. டங்கனின் பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

“தாராளமா போய்ச் சேரு,” என்றாள் ஹேசல். “டிரம்மர் வேணுமான்னு அவங்களைக் கேட்டுச் சொல்றேன்.”