அடுத்த பேரு

பதுளைக் கடைவீதி மாடியில் மாணவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே கம்ப்யூட்டரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். பாக்கியலெட்சுமி எழுதிய புரோகிராம் வகுப்பிலுள்ள எல்லோர் பெயரையும் காட்டினால்தான் புவாத் சார் அவளை அடுத்த வகுப்பில் சேர்ப்பார். திரை முழுக்கப் பச்சை எழுத்தில், பட்டியலின் முதல் பெயர் மட்டும் நஸீர், நஸீர், நஸீர் என்றே ஓடுகிறது. "அப்ப நாங்கல்லாம் மவுத்தா புள்ள, செத்துட்டமா?" என்கிறாள் ஸகீனா. சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. பாக்கியத்துக்குக் காது சுடுகிறது. மழைவிட்ட வெயில் விசைப்பலகையில் விழுகிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்களைப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு அவளுக்கு நினைவு வருகிறது: பேர் கூப்பிட்டதும் ஆள் நகர்ந்தால்தானே அடுத்த பேர்? "ஐயோ, அடுத்த பேருக்கு நகரச் சொல்லவே இல்லீங்க சார்!" ஒரு வரியைச் சேர்த்துத் தட்டுகிறாள். நஸீருக்குக் கீழே ஸகீனா வருகிறாள். "இருக்கேன்!" என்று ஸகீனா கத்த, பேர் வர வர ஒவ்வொருவரும் கத்துகிறார்கள். கடைசியாகத் தன் பெயர் வந்ததும், வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பாக்கியம் எல்லோரையும்விட உரக்கச் சொல்கிறாள்: "இருக்கேங்க!"