எல்லாரும் கண்களை மூடுங்கள்

ஒன்று, இரண்டு, மூன்று... கீபோர்டுகாரர் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தார். பாட்டின் தாளத்தை எண்ணுகிறார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அவர் எண்ணியது சபையில் உயர்ந்த கைகளை.

சபையார் அத்தனை பேரும் கண்ணை மூடித் தலைகுனிந்திருந்தார்கள். மேடையில் நின்ற போதகரின் குரல் தழுதழுத்தது.

"பயந்துபோய் அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டீங்க. இப்ப மனசு உறுத்துதா? கையை உயர்த்துங்க. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். கர்த்தர் பார்த்தா போதும்."

‘என் முதல் விசுவாசம் கட்சிக்கே.’ அந்தப் படிவத்தின் முதல் வரி அதுதான். போன மாதம் கட்சிக்காரர்கள் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கினார்கள். போட மாட்டேன் என்ற தையல்காரரை விசாரணைக்கு என்று சொல்லி ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

கீபோர்டுகாரருக்கு வார நாட்களில் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலை. முந்தின நாள் உள்ளூர்க் கட்சிச் செயலாளர் அவரைக் கட்சி ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, சிரித்த முகமாகவே விசாரித்தார்.

"நாளைக்கு உங்க சபையில கை தூக்கச் சொல்லுவாங்க. எல்லாரும் கண்ணை மூடினாலும் நீங்க மூட முடியாதுல்ல?"

"மூட முடியாதுங்க. போதகர் சைகை பாத்துத்தானே வாசிக்கணும்."

"வசதியாப் போச்சு. யார் யார்னு எழுதிக் கொண்டாங்க. எண்ணுறது உங்களுக்குத் தொழில்தானே?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தவருக்குத் தையல்காரரின் ஞாபகம் வந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

நான்கு, ஐந்து, ஆறு. பேக்கரிக்காரர் கை, புதிதாகக் கல்யாணமான ஜோடியின் இரண்டு கைகள் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அப்போது மூன்றாவது வரிசையில் ஏழாவது கை எழுந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட, கொஞ்சமும் நடுங்காத கை. அவருடைய மனைவியின் கை.

கீபோர்டில் அவர் விரல் தப்பான கட்டையில் விழுந்து அபசுரம் எழுந்தது. அப்போதும் யாரும் கண்ணைத் திறக்கவில்லை, அவ்வளவு நல்ல சபை.

ஆராதனை முடிந்ததும் மனைவியை மாடிப்படி ஓரம் இழுத்துக்கொண்டு போனார்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஏன் தூக்கினே?"

"நீங்க பாத்தீங்களா?" அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "போதகரே கேக்கிறப்ப கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா? அது பொய் இல்லையா?"

"மெதுவாப் பேசு. வேலை போயிடும். வேலையோட போனா அது அதிர்ஷ்டம்."

"கண்ணை மூடியிருந்தப்ப பயமே இல்லைங்க," என்றாள் அவள். "இப்பதான் கை காலெல்லாம் உதறுது."

அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. நேராகப் போதகரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செயலாளர் கேட்டதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"யாருமே தூக்கலைன்னு சொல்லிடப் போறேன் ஐயா. வேற வழி தெரியலை."

போதகர் மேசைமேல் இருந்த வேதாகமத்தை நகர்த்தி வைத்தார். "வேண்டாம்ப்பா. அங்க போய்ப் பொய் சொல்லாதே."

"நெஜத்தைச் சொன்னா ஏழு பேரு ஐயா. அதுல ஒருத்தி என் பொண்டாட்டி."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கண்டதைக் கண்டபடி சொல்லிடு."

கீபோர்டுகாரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்கு வேத வசனம் தெரியும், உலகம் தெரியாது. கட்சி ஆபீசின் படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது தெரியுமா? போதகர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

மத்தியானம் கட்சி ஆபீசில் செயலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு, டீ வரவழைத்தார்.

"சொல்லுங்க. எத்தனை பேரு?"

"ஒருத்தரும் இல்லைங்க."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேங்க. அவ்வளவு நேரம் போதகர் கேட்டுப் பாத்தாரு. ஒரு கைகூட எழும்பலை."

செயலாளர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "அதையே எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுடுங்க. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்."

எழுதினார். இருபது வருஷ மீட்டர் வேலையில் ஓர் எண்ணைக்கூட மாற்றிப் போடாதவர், ‘யாரும் இல்லை’ என்று கோணல்மாணலாக எழுதிக் கையெழுத்திட்டார். ஏழு பேரும் பிழைத்தார்கள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்க டீ டம்ளரை எடுத்தார்.

செயலாளர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து, நான்காக மடித்த வேறொரு தாளை எடுத்துப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார். ஒரு பேரின் மேல் விரலை வைத்தபடி, நிஜமாகவே புரியாதவர்போல் கேட்டார்:

"அப்போ போதகர் ஏன் உங்க வீட்டம்மா பேரை எழுதிக் குடுத்தாரு?"