பழ வாசம்

அமராவதி வீட்டுக்குள் அம்மன் வந்துவிட்டாள் என்று லயத்து வீடுகள் எல்லாம் பேசிக்கொண்டன. மூன்று நாளாகப் பழ வாசம் வீசுகிறதாம்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் பதினாறு வருஷமாக மருந்து கொடுக்கும் டிரசர் நான். என்னிடமே கதை விடுகிறார்கள்.

அமராவதிக்கு அன்று எட்டாம் நாள் விரதம். மகள் சந்திரிகா இளைத்துக்கொண்டே போகிறாள் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது. விரதத்தில் அமராவதி எங்கே மயங்கி விழுந்துவிடுவாளோ என்று பயந்து, அவள் புருஷன் நல்லசாமி காலையிலேயே என்னைக் கூப்பிட வந்துவிட்டான்.

வழிநெடுக அவனுக்குப் பாடம் எடுத்தேன்.

"சோறு நின்னா, கல்லீரல் சேத்து வச்ச சர்க்கரை ஒரு நாளைக்குத்தான் வரும். அப்புறம் அது சதையைக் கரைச்சுச் சர்க்கரை பண்ணும். சிறுநீரகமும் கூடச் சேந்துக்கும். கொழுப்பையும் எடுத்து எரிக்கும். அந்த வாசந்தான் மூச்சுல பழம் மாதிரி வருது. அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல லா. கஞ்சி குடுத்தா சரியாயிடும்."

நல்லசாமி பயபக்தியோடு தலையாட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது.

வாசலில் கால் வைத்ததுமே வாசம் மூக்கில் ஏறியது. கனிந்து அழுகப்போகும் அன்னாசியின் வாசம்.

அமராவதி எழுந்து கும்பிட்டாள். கை நடுங்கவில்லை. நாடியும் ஒழுங்காகத்தான் ஓடியது. வாயைத் திறந்து ஊதச் சொன்னேன்.

அவள் மூச்சில் ஒரு வாசமும் இல்லை.

"எட்டு நாளா ஒண்ணுமே சாப்பிடலதானே?"

"பகல்லதான் ஐயா. வெளக்கு வச்சதும் ஒரு சொம்பு சீனிப் பால், நாலு வாழப்பழம்."

நம் சனத்தின் விரதம் அதுதான். எனக்குத் தெரியாததில்லை, கேட்கத் தோன்றவில்லை. தினமும் பாலும் பழமும் உள்ளே போகிறவளின் கல்லீரலுக்குக் கொழுப்பை எரிக்கும் வேலையே வந்திருக்காது.

அப்படியானால் வாசம் எங்கிருந்து வருகிறது?

உள்ளறையில் பாயில் சந்திரிகா படுத்திருந்தாள். பன்னிரண்டு வயது. சட்டைக்குள் எலும்புதான் இருந்தது.

"நேத்து வரைக்கும் தண்ணி தண்ணின்னு ஒரே தொந்தரவு. சோறும் நல்லாத்தான் தின்னா. விடியறப்பதான் தூங்குனா, பாருங்க, எப்படி மூச்ச இழுத்து விட்டுத் தூங்குறா." அமராவதியின் குரலில் நிம்மதி தெரிந்தது.

குனிந்தேன். வாசம் அந்தப் பிள்ளையின் மூச்சில் இருந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கன்னத்தில் தட்டினேன். கண் திறக்கவில்லை.

இனிப்புநீர் வியாதி, சர்க்கரை நோய். தின்றது முழுக்கச் சர்க்கரையாகி ரத்தத்திலேயே தேங்கி நிற்கிறது, உடம்புக்குப் போய்ச் சேர வழியில்லை. பட்டினி என்று நினைத்து, கல்லீரல் பிள்ளையின் உடம்பையே எடுத்து எரித்துக்கொண்டிருக்கிறது.

"ஓடு, லோரியக் கொண்டா. கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

நல்லசாமி ஓடினான். நான் பிள்ளையை வாரித் தூக்கினேன். கனமே இல்லை.

அமராவதி வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"ஐயா, போன வாரம் பிள்ள சோந்து போறான்னு மருந்தறைக்குக் கூட்டியாந்தப்ப குளுக்கோஸ் டப்பா குடுத்தீங்கல்ல, அது நேத்தோட தீந்துருச்சு. நீங்க சொன்ன மாதிரியே ஒரு வேளை தவறாமக் கரைச்சுக் குடுத்தேன்."