ஜாஹிரா பீவியின் கைராசி

"ஏட்டி தங்கத்தாய், வெதையத் தொட்டுராத! ஒங்கை பட்டா முளைக்கப் போறதும் முளைக்காது."

மாமியார் ரெங்கம்மாள் போட்ட சத்தத்தில் தங்கத்தாய் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

யுத்த காலம். அரிசிக்கே அளவு வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று தென்காசித் தெருக்களில் தமுக்கடித்துச் சொல்லியாயிற்று. நன்றாகக் காய்க்க வைப்பவர்களுக்கு ஐப்பசி விசுத் திருவிழாவின்போது குற்றாலத்தில் கண்காட்சி வைத்துப் பித்தளைக் குடம் பரிசு தருவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து ரெங்கம்மாளுக்குத் தூக்கமில்லை. அவள் வீட்டுப் புழக்கடையில் விரிசல் விட்ட தொட்டிகளும் வாய் உடைந்த பானைகளும் மண் நிரம்பி விதைக்குக் காத்திருந்தன.

மண் சுமந்தது தங்கத்தாய். தொழு உரம் கலந்தது தங்கத்தாய். இனிமேல் தண்ணீர் ஊற்றப் போவதும் அவள்தான். அதற்கெல்லாம் அந்தக் கை ஆகும். விதை போட மட்டும் ஆகாது!

கல்யாணமாகி வந்த வருஷம் அவள் நட்ட எலுமிச்சங்கன்று கருகிப்போனது. மறு வருஷம் அடித்த காற்றில் முருங்கை மரம் சாய்ந்தது. காற்றை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழி தங்கத்தாய் தலையில் விழுந்தது. ராசியில்லாத கை என்று பெயர் வந்த பிறகு, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி விதை போடவும் அவளைச் சேர்க்கவில்லை. தெருப் பெண்கள் முளைப்பாரி சுமந்து குலவையிட்டுப் போவதை வருஷா வருஷம் வாசலில் நின்று பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே வந்து அழுவாள்.

"அத்தை, இந்த ஒரு தடவை நான் போட்டுப் பாக்கட்டுமா? நல்லா வந்தா முளைப்பாரிக்கும் என்னைச் சேத்துக்கிடுவாவல்லா?"

"வராட்டா? ஊரு சிரிக்கவா? வெதை போட ஆளு வருது. நீ அடுக்களைக்குப் போ."

வந்தவள் பக்கத்துத் தெரு ஜாஹிரா பீவி, நெசவுக்கார மைதீனின் மனைவி. அவள் விதை போட்டால் கொடி கூரையைத் தாண்டும் என்று ஊரே நம்பியது. பாகலோ பீர்க்கோ, எதை ஊன்றினாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன ஆச்சி, இன்னைக்கும் என் கைதானா? ஒங்க மருமவ கைக்கு என்ன கொறைச்சல்?"

"அதை மட்டும் பேசாத பீவி. இந்தா, பூசணி வெதை" என்று ரெங்கம்மாள் பரணைத் துழாவி எடுத்த துணி முடிச்சை அவள் கையில் திணித்தாள். "நீ போடுததை வீட்டு ஆளு பாக்கப்பிடாது. நான் முன்வாசல்ல இருக்கேன்."

கைராசிக்காரி விதை ஊன்றும்போது வீட்டார் கண் பட்டால் ராசி போய்விடும் என்பது ரெங்கம்மாளின் நம்பிக்கை. வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜாஹிரா பீவி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எல்லாம் ஆச்சு ஆச்சி. அமோகமா வரும்."

வந்தது! ஆடிச் சாரலில் முளைத்து, ஆவணியில் கூரை ஏறி, புரட்டாசியில் ஓடு தெரியாமல் காய்த்துத் தள்ளியது பூசணி. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ரெங்கம்மாள், "எல்லாம் பீவி கைராசி" என்று பூரித்துப் போனாள். தினமும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவளை ஒருவரும் கேட்கவில்லை.

ஐப்பசி விசு அன்று குற்றாலத்தில் ஏகப்பட்ட கூட்டம். தெருப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கடையத்துக்காரர்களும் ஆய்க்குடிக்காரர்களும் கொண்டுவந்த காய்களெல்லாம் ரெங்கம்மாள் வீட்டுப் பூசணிக்கு முன்னால் பிஞ்சாகத் தெரிந்தன. பித்தளைக் குடம் அவளுக்குத்தான் கிடைத்தது.

"இது தொட்டியில காய்ச்சதா? நம்ப முடியலையே! எப்படியம்மா?" என்றார் பரிசு கொடுத்த அதிகாரி.

ரெங்கம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜாஹிரா பீவியை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"வெதை போட்ட கை அப்படி, எசமான்! ஏட்டி, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இந்த வெதைய ஊனுன கைதான் இந்த வருசம் அம்மன் கொடைக்கு மொத முளைப்பாரி போடணும். பீவி நம்ம அம்மனுக்கு வெதை போட்டா என்ன கொறைஞ்சா போவும்? அம்மன் மேல சத்தியமாச் சொல்லுதேன்!"

"அப்படியே செய்வோம் மதினி!" என்றார்கள் தெருப் பெண்கள் ஒரே குரலில். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தங்கத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சத்தியம் பண்ணிட்டியளா ஆச்சி? பொறவு மாத்திப் பேச மாட்டியளே?" என்று கேட்டாள் ஜாஹிரா பீவி.

"சத்தியத்தை மாத்துவனா? நான் என்ன பச்சைப் பிள்ளையா?"

ஜாஹிரா பீவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தங்கத்தாயின் கையைப் பிடித்து எல்லோருக்கும் தெரிய உயர்த்தினாள்.

"அன்னைக்கு அவசரத்துல நீங்க தந்த முடிச்சுல இருந்தது சாரலுக்குக் கொறிக்க உப்புப் போட்டு வறுத்து வச்ச வெதை ஆச்சி. அதை அங்கனயே நின்னு நான் தின்னு தீத்துட்டேன். அடுக்களையில இருந்த ஒங்க மருமவளக் கூப்பிட்டேன். நல்ல வெதைய எடுத்தாந்து அத்தனை தொட்டியிலயும் ஊனுனது இந்தக் கைதான்!"